இலவச வகுப்பு என்று அழைத்து வாங்கிய 11,798 ரூபாயைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்
(இணையதளத்தில் பெயர் போடப்படவில்லை. யார் பொறுப்போ அவர் படிக்கவும்.)

பொருள்: கோல்டு பேக்கேஜ் என்ற உங்கள் ஆன்லைன் பயிற்சிக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தராதது, உங்கள் சீனியர் மென்டார் மரியாதைக் குறைவாகப் பேசியது, கோவைக்கு வீணாக வரவழைத்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். பணத்தைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல், வாட்ஸ்அப், ஃபோன், நேரில் என்று எல்லா வழியிலும் வந்து பார்த்துவிட்டேன். "உங்கள் டிக்கெட் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற வரியைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. அந்த உரிய பிரிவு எது, அங்கே யார் இருக்கிறார் என்று கேட்டால் அதற்கும் டிக்கெட் என்று ஒரு புதுப் புகார் எண் போடுகிறீர்கள். ஆகவே இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் சேர்த்தே அனுப்புகிறேன். பொறுமையாக முழுவதும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் திண்டுக்கல்லில் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். ஜாக்கெட், சுடிதார், கல்யாண சீசனில் ஆரி வேலை. "வீட்டிலிருந்தே மாதம் 50,000, முற்றிலும் இலவசப் பயிற்சி, தமிழில்" என்று ஃபேஸ்புக்கில் உங்கள் விளம்பரம் வந்தது. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஜூம் வகுப்பில் உட்கார்ந்தேன். வாரா வாரம் நீங்கள் நடத்தும் அதே வகுப்புதான், உள்ளே என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதல் பாதி முழுக்கப் பயிற்சியாளரின் கார், துபாய் பயணம், யார் யாருடைய கணக்கிலோ பணம் விழுந்த ஸ்கிரீன்ஷாட். மீதி, கோல்டு பேக்கேஜில் என்னென்ன கிடைக்கும் என்ற பட்டியல். நோட்டில் எழுத ஒரு வரி இல்லை. கடைசியில் திரையில் சிவப்பு எழுத்தில் கடிகாரம் ஓட ஆரம்பித்தது: 19,999 ரூபாய் பேக்கேஜ், 15 நிமிடத்துக்குள் சேர்ந்தால் 9,999, இன்னும் 7 இடம்தான்.

அடுத்த வாரம் என் நாத்தனார் அதே வகுப்பைப் பார்த்தாள். அதே கடிகாரம், அதே 15 நிமிடம், அதே 7 இடம்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், இணையத்தில் வாங்குபவர்களை ஏமாற்றும் 13 வழிகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறது. அதில் முதலில் இருப்பதே பொய்யான அவசரம் காட்டுவதுதான். முதலில் ஒரு விலை சொல்லிவிட்டுப் பணம் கட்டும்போது ஏற்றுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. 9,999 என்று சொன்ன நீங்கள், பணம் கட்டும் பக்கத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 11,798 ரூபாய் 82 காசு வாங்கினீர்கள். சரி, வரி என்றால் கட்டத்தான் வேண்டும். அப்படியென்றால் அதற்கான ஜிஎஸ்டி பில் எங்கே? நீங்கள் அனுப்பிய ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. பில் கேட்டதற்கும் டிக்கெட் போட்டிருக்கிறீர்கள்.

இப்போது ரீஃபண்டுக்கு வருகிறேன். "ஏழு நாளில் கேள்வி கேட்காமல் பணம் வாபஸ்" என்று உங்கள் பயிற்சியாளர் வகுப்பில் சொன்னார். பணம் கட்டிய பிறகு வந்த விதிமுறையில், ஏழு நாளுக்குள் எல்லாப் பாடங்களையும் எல்லா வீட்டுப்பாடங்களையும் முடித்தவர்களுக்கு மட்டுமே ரீஃபண்ட் என்று இருக்கிறது. உங்கள் டாஷ்போர்டில் மூன்றாம் பாடம் எட்டாம் நாள்தான் திறக்கும். அதற்கு முன் அழுத்தினால் பூட்டுப் படம்தான் வரும். எட்டாம் நாள் திறக்கும் பாடத்தை ஏழாம் நாளுக்குள் எப்படி முடிப்பது? இதை எழுதிக் கேட்டபோதுதான் உங்கள் சீனியர் மென்டார் என்னை ஃபோனில் அழைத்தார்.

அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, உங்களுக்கு மைண்ட்செட் இல்ல. தையல் மெஷின் முன்னாடியே உட்காந்திருக்க வேண்டியதுதானே, உங்களுக்கெல்லாம் இது செட் ஆகாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இன்னொருவர் சிரித்த சத்தமும் கேட்டது. இந்தத் தையல் மெஷினில்தான் என் பெண்ணைக் கல்லூரி வரை படிக்க வைத்திருக்கிறேன். உங்கள் கோல்டு பேக்கேஜுக்குக் கட்டிய பணமும் இதில் தைத்த பணம்தான். அதை வாங்கும்போது உங்களுக்கு என் தொழில் இளக்காரமாகத் தெரியவில்லையே? அவர் பெயரை இங்கே போடவில்லை. தரத்துக்காக அழைப்புகளைப் பதிவு செய்வதாக நீங்களே சொல்கிறீர்கள், அந்தப் பதிவை எடுத்து உங்கள் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்கள் ஒருமுறை கேட்கட்டும்.

மைண்ட்செட் பற்றி அவர் பேசியதால் பாடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் பாடம் மைண்ட்செட். இரண்டாம் பாடம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எப்படி வைப்பது. மூன்றாம் பாடத்தில் தெரிந்தவர்கள் 100 பேர் பெயரை எழுதி, அவர்களுக்கு என் லிங்க்கை அனுப்பச் சொல்கிறீர்கள். எந்தப் பொருளை விற்க? இதே கோல்டு பேக்கேஜை. ஒருவரைச் சேர்த்தால் பாதிப் பணம் எனக்குக் கமிஷன், பாதி உங்களுக்கு. விளம்பரத்தில் சொன்ன 50,000 ரூபாய் இந்த வழியில்தான் வர வேண்டும். தையல் சொல்லிக்கொடுப்பவர் ஃபீஸ் வாங்கிக்கொண்டு அளவெடுக்கவும் வெட்டவும் சொல்லித் தருவார், "நீ பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வா, அதுதான் உன் தொழில்" என்று அனுப்ப மாட்டார். ஆள் சேர்த்துப் பணம் சுற்றும் திட்டங்களைத் தடை செய்ய 1978 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. நேரடி விற்பனைக்கான 2021 விதிகளும் பிரமிட் திட்டங்களைத் தடுக்கின்றன. உங்கள் மூன்றாம் பாடம் அதில் வருமா வராதா என்று விசாரிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

அப்புறம் கோயம்புத்தூர். ஆதார் நகலோடு நேரில் வந்தால் அன்றே ரீஃபண்ட் ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவோம் என்று சொன்னதும் அதே மென்டார்தான். கையில் இருந்த முகூர்த்த ஜாக்கெட்டுகளை அப்படியே வைத்துவிட்டு, விடியற்காலை பஸ் பிடித்து, தாராபுரம், பல்லடம் வழியாகச் சிங்காநல்லூரில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அவிநாசி ரோடு வந்து சேர்ந்தேன். நீங்கள் கொடுத்த முகவரியில் இருப்பது மேஜைகளை மாத வாடகைக்கு விடும் இடம். முன்னால் உட்கார்ந்திருந்த பெண், "அவங்க காலி பண்ணிட்டாங்கக்கா, லெட்டர் வந்தா மட்டும் வாங்கி வைப்போம்" என்றாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்ததும் அவள்தான். உங்கள் ஊழியர்களில் ஒருவர்கூட அந்த அளவு மரியாதை காட்டவில்லை. அங்கிருந்தே மென்டாருக்கு ஃபோன் செய்தேன். "நான் வரச் சொல்லவே இல்லையே" என்றார். வரச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி என் ஃபோனில் இருக்கிறது என்றதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். பிறகு பார்த்தால் என் எண்ணை பிளாக் செய்திருக்கிறார். இதுதான் உங்கள் "வாழ்நாள் மென்டார் ஆதரவு"!

இலவச வகுப்பு என்று வைத்தாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் பணம் மாட்டிக்கொண்ட பிறகு, என் பெண்ணும் நானும் உண்மையான இலவசம் எப்படி இருக்கிறது என்று தேடிப் பார்த்தோம். ஐஐடிகளின் என்பிடெல் பாடங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம், சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். விளம்பரம் போடுவது எப்படி என்று கூகுளின் ஸ்கில்ஷாப்பில் காசு வாங்காமல் கற்றுத் தருகிறார்கள். உங்கள் நான்காம் பாடம் அதில் கால்வாசிகூட இல்லை. இவர்களில் யாரும் மாதம் இவ்வளவு சம்பாதிப்பாய் என்று சொல்லவில்லை.

சம்பாதிக்கும் இடங்களிலும் நிபந்தனையை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி முறை ஓடியிருக்க வேண்டும். அமேசானின் அஃபிலியேட் திட்டத்தில், அதாவது நம் லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் கமிஷன் தரும் திட்டத்தில், சேரக் கட்டணமே கிடையாது. 180 நாளில் மூன்று விற்பனைகூட நடக்கவில்லை என்றால் கணக்கை மூடிவிடுவார்கள். கஷ்டமான நிபந்தனைதான், ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் எப்போது வராது என்பதும் சேருவதற்கு முன்பே தெரிகிறது. உங்கள் இரண்டு மணி நேர இலவச வகுப்பில் அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. சாட்டில் அதைக் கேட்ட ஒரு தம்பியை வகுப்பிலிருந்தே நீக்கினீர்கள், நான் பார்த்தேன்.

எனக்கு ஏற்பட்ட நஷ்டம் 11,798 ரூபாயோடு நிற்கவில்லை. உங்கள் வீட்டுப்பாடத்துக்காக என் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய லிங்க்கால், வருஷக்கணக்காக என்னிடம் தைத்தவர்கள் இப்போது என் ஃபோனை எடுப்பதில்லை. நல்ல வேளையாக அவர்களில் யாரும் உங்களிடம் சேரவில்லை. கோவைக்கு வந்த அன்று கொடுத்திருக்க வேண்டிய மணப்பெண் ஜாக்கெட் தாமதமாகி, அந்தக் கல்யாண வீட்டு ஆர்டர் மொத்தமும் வேறு கடைக்குப் போய்விட்டது. ஒரு ஆரி ஜாக்கெட் 2,500 ரூபாய். இந்த சீசனே எனக்குப் போய்விட்டது, இந்த ஊரில் இனி என்னை நம்பி ஒரு துணியும் கொடுக்க மாட்டார்கள். என் கணக்கில் நஷ்டம் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. மன உளைச்சலை இன்னும் சேர்க்கவில்லை. அந்த மென்டார் சிரித்த சிரிப்பு ராத்திரியில்கூடக் காதில் கேட்கிறது.

நீங்கள் நல்லபடியாக முடித்துக்கொடுத்தால் இதை வளர்க்க எனக்கு விருப்பமில்லை. உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்றே நம்புகிறேன். மின்வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அந்த ஒரு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் இந்தக் கடிதம் கிடைத்ததிலிருந்து இன்னும் 15 நாள் தருகிறேன். அதற்குள் 11,798 ரூபாய் 82 காசும், கோவைப் பயணச் செலவும், அன்றைய வேலை இழப்பும் நான் பணம் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். சீனியர் மென்டார் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகும். அதோடு திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு லட்சம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நீங்கள்தான் இங்கே வர வேண்டும். ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமும் இல்லை, இணையத்திலேயே பதிவு செய்யலாம். தவறான விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும் என்பது உங்கள் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும். ஓடும் கடிகாரத்தோடு உங்கள் வகுப்பை என் பெண் திரையில் பதிவு செய்து வைத்திருக்கிறாள்.

தயவுசெய்து அதுவரை எனக்கு "கடைசி வாய்ப்பு, பிளாட்டினம் பேக்கேஜ்" என்று வாட்ஸ்அப் அனுப்புவதை நிறுத்துங்கள். ரீஃபண்டுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை, அதை அனுப்ப மட்டும் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
கோல்டு பேக்கேஜ் வாடிக்கையாளர், திண்டுக்கல்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது நகல், கோவைக்கு வரச் சொன்ன வாட்ஸ்அப் செய்தியின் நகல், மூன்றாம் பாடம் பூட்டியிருக்கும் டாஷ்போர்டு படம், பஸ் டிக்கெட்டுகள்.