லேப்டாப் தட்டு கடைசியில் போகட்டும்

அன்புள்ள மகளுக்கு,

விமான நிலையச் சோதனையில் எக்ஸ்ரே பட்டு லேப்டாப்பில் இருப்பதெல்லாம் அழிந்துவிடுமோ என்று கேட்டிருந்தாய். அழியாது. தகவலைச் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ கெடுக்கும் அளவுக்கு அந்தக் கதிருக்கு வலு கிடையாது. லேப்டாப் தொலைவதும் கீழே விழுவதும் எக்ஸ்ரே கருவிக்குள் தட்டுகளைக் கொண்டுபோகும் பெல்ட்டின் இரண்டு முனைகளில்தான். அங்கேதான் கவனம் வேண்டும்.

வரிசையில் நிற்கும்போதே போன், சில்லறை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுவிடு. லேப்டாப்பை உறையிலிருந்து எடுத்து, மூடியபடியே தனித் தட்டில் படுக்க வை. மேலேயோ கீழேயோ எதுவும் வேண்டாம், சார்ஜர்கூட. பேட்டரியும் சர்க்யூட் போர்டும் அடர்த்தியானவை என்பதால் எக்ஸ்ரே திரையில் கறுப்பாகத் தெரியும். அடியில் இருப்பதை மறைத்துவிடும். அப்படி மறைந்தால் தனியே எடுத்துச் சோதிப்பார்கள், உனக்குத்தான் நேரம் போகும். சிடி (CT) ஸ்கேனர் உள்ள இடங்களில் படம் முப்பரிமாணத்தில் வருவதால் பெரும்பாலும் பைக்குள்ளேயே விடச் சொல்வார்கள். அங்கே நிற்பவர் சொல்கிறபடி செய்.

பை முன்னால் போகட்டும், லேப்டாப் தட்டு கடைசியில். அது உள்ளே நுழைவதைப் பார்த்த பிறகு நீ மெட்டல் டிடெக்டருக்குப் போ. முதலிலேயே தள்ளிவிட்டு இந்தப் பக்கம் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் அது கேட்பாரற்றுக் கிடக்கும். சாம்பல் நிறத் தட்டில் சாம்பல் நிற லேப்டாப் சட்டென்று கண்ணில் படாது. அதே மாதிரி இன்னொருவருடையதும் பக்கத்திலேயே வரும். மூடியில் பளிச்சென்று ஒரு ஸ்டிக்கரும், அடியில் பெயரும் போன் எண்ணும் ஒட்டி வை.

சார்ஜ் இல்லாமல் கிளம்பாதே. ஆன் செய்து காட்டு என்று சொன்னால் காட்ட வேண்டியிருக்கும். சிறு பட்டையால் விசைப்பலகையைத் துடைத்துக் கருவியில் வைத்தால் பயப்படாதே, வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட் அவர் (பேட்டரி சேமிக்கும் ஆற்றலின் அளவு) வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் அவர் என்று போட்டிருந்தால் 20 ஆம்பியர் அவரை 3.7 வோல்ட்டால் பெருக்கு, 74 வாட் அவர் வரும்.

விமான வாசலில் இடமில்லை என்று கைப்பையைச் சரக்கறைக்கு வாங்கினால், லேப்டாப்பையும் பவர் பேங்க்கையும் முதலில் வெளியே எடுத்துக்கொள். லித்தியம் பேட்டரி புகைந்தால் கேபினில் உடனே அணைக்க ஆள் இருக்கிறார்கள். கீழே யார் கையும் எட்டாது.

அன்புடன்,
அம்மா