ஒழுங்கைக் கடைகளும் உன் கேள்வியும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகனுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு அப்போது என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. புகைப்பது அவரவர் விருப்பம், வளர்ந்தவர்களுக்கு நல்லது கெட்டது தெரியும், கடை வைத்துப் பிழைக்கும் ஒருவரிடம் போய் சிகரெட் விற்காதீர்கள் என்று சொல்ல அயலவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்டாய். நியாயமான கேள்வி என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதையும், அவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. 2015ஆம் ஆண்டு முதல் சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் நோயின் படத்தோடு எச்சரிக்கை அச்சிட வேண்டும். ஆனால் இங்கே பெட்டியாக வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? ரியூஷன் விட்டு வரும் பையன் ஒரேயொரு சிகரெட்டைக் கேட்டு வாங்கி, கடை வாசலில் நூலில் கட்டித் தொங்கும் லைற்றரால் பற்றவைத்துக்கொண்டு போய்விடுகிறான். பெட்டி முதலாளியின் மேசைக்குள் இருக்கிறது. அந்தப் படத்தை நாள்தோறும் பார்க்கிறவர் முதலாளி ஒருவர்தான். நீ இருக்கும் அவுஸ்திரேலியாவில் 2012 டிசெம்பரிலிருந்து எல்லாப் பெட்டிகளும் ஒரே மங்கிய நிறத்தில் வருகின்றன. அந்த ஏற்பாடும்கூட, சில்லறையாக விற்கும் நம் ஒழுங்கைக்கு வந்தால் பாதிப் பயன்தான் தரும். ஒவ்வொரு பெட்டிக்கடை வாசலிலும் ஒரு பொலிஸ்காரரை நிறுத்தவும் முடியாது. சட்டம் எட்டாத அந்த வாசல்வரை போகக்கூடியவர்கள், அதே கடையில் பாணும் பால்மாவும் வாங்குகிற நாங்கள்தான்.

அதனால்தான் பெற்றோர்கள் சிலர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழைத்துக்கொண்டு கடைக்காரர்களைச் சந்தித்தோம். எவரையும் மிரட்டவில்லை, பழிக்கவும் இல்லை. முனைக் கடைக்காரர் மனந்திறந்து பேசினார். சிகரெட்டில் தனக்குக் கிடைக்கும் இலாபம் சொற்பந்தான், ஆனால் அதற்காக வருகிறவர்கள் ஒரு பிளேன்ரீயும் ஒரு பணிஸும் சேர்த்து வாங்குகிறார்கள், அந்த வியாபாரம் போய்விடும் என்பதுதான் தன் பயம் என்றார். நீ சொன்னதும் அதுவே. ஆகவே மாதச் சாமான்களை இனி அவரிடமே வாங்குவதென்று பல குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. அதன் பிறகுதான் அவர் விற்பனையை நிறுத்தினார். லைற்றரையும் தாமே அவிழ்த்து எடுத்தார். எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர் இன்னும் இணங்கவில்லை.

இது எங்கள் புத்தியில் புதிதாக உதித்ததன்று. யாழ்ப்பாணத்திலும் தெற்கிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வியாபாரிகளோடு பேசிப் பேசியே, 2019ஆம் ஆண்டளவில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நகரங்களில் கடைக்காரர்கள் தாமாகவே சிகரெட் விற்பனையைக் கைவிடச் செய்திருந்தார்கள்.

இனி விருப்பம் என்று நீ சொன்னதற்கு வருகிறேன். உலகெங்கும் புகைப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பழக்கத்தைப் பதின்ம வயதில் அல்லது இருபதுகளின் தொடக்கத்தில் பிடித்துக்கொண்டவர்கள். நிக்கொட்டின் மூளையைப் பழக்கிவிட்ட பிறகு, விட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவராலும் எளிதில் விட முடிவதில்லை. நிறுத்திய முதல் சில நாள்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் அடங்காத ஆசையும் மிகக் கடுமையாக இருந்து, சில வாரங்களில் படிப்படியாகத் தணிகின்றன. ஓராண்டு தாக்குப்பிடித்தால் புகையினால் கூடிய இருதய நோய் அபாயம் ஏறக்குறையப் பாதியாகிறது. அந்த முதல் நாள்களில் வேலைக்குப் போகும் வழியெல்லாம் கடைகள் கைநீட்டி அழைத்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்? மேல்மாடியில் குடியிருக்கும் ஆட்டோ ஓட்டும் தம்பி, முனைக் கடையில் சிகரெட் இல்லாததே தனக்குப் பெரிய உதவி என்று என்னிடம் சொன்னான். அவனுடைய விருப்பத்தையும் நீ கணக்கில் எடுக்க வேண்டும், மகன்.

பாக்கும் புகையிலையும் கலந்து மெல்லும் மாவாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்லும் புகையிலைக் கலவைகளுக்கு 2016இல் தடை வந்தும் அது இளைஞர்களிடம் இரகசியமாகக் கைமாறுகிறது. பாக்கே தனித்தும் புற்றுநோயை உண்டாக்கும்; புகையிலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உன் பெரியப்பா மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் வாயைத் திறந்து ஒரு கரண்டி கஞ்சி குடிக்க முடியாமல் பட்ட பாட்டை நீ நேரில் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஆகையால் இந்த விடயத்தில் என்னால் ஒதுங்கியிருக்க முடியாது.

உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். நீ கணக்காளன். எதிர்க்கடைக்காரர் தம் நாளாந்த விற்பனை விபரத்தைத் தருவதற்குச் சம்மதித்திருக்கிறார். சிகரெட்டை நிறுத்தினால் உண்மையில் எவ்வளவு குறையும், அதை ஈடுசெய்ய எத்தனை வீடுகள் அவரிடம் சாமான் வாங்க வேண்டும் என்று பார்த்து எழுது. கொப்பியின் பக்கங்களைத் தங்கச்சி படமெடுத்து அனுப்புவாள். அடுத்த கூட்டத்துக்கு முன் கிடைத்தால் அவரிடம் வெறுங்கையோடு போகத் தேவையில்லை.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா