அந்த மடிப்புகள் அலங்காரமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கோட் கட்டுரையில், பிரிட்டனின் நாட்டுப்புற ட்வீட் (தடித்த கம்பளித் துணி) கோட்டில் காணும் மடிப்பும் பட்டையும் சாய்ந்த பாக்கெட்டும் 'பிரபுக்களின் ஆடம்பரம்' என்று ஒரு வரி வந்திருந்தது. நாற்பது வருடம் கோட் தைத்தவன் நான். அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வேட்டைக்குப் போட்ட நார்ஃபோக் கோட்டின் முன்னும் பின்னும் மேலிருந்து கீழாகப் பெட்டி மடிப்பு ஓடும். துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தும்போது முதுகு இழுக்காமல் துணி விட்டுக்கொடுக்க வேண்டும், அதற்குத்தான் அது. குதிரையேற்றக் கோட்டில் பாக்கெட்டைச் சாய்த்து வைப்பது, சேணத்தில் உட்கார்ந்தபடியே கை எளிதாக உள்ளே போவதற்கு. பின்னால் நடுவில் உள்ள நீண்ட திறப்பு, கோட்டின் கீழ்ப்பகுதி சேணத்தின் இருபுறமும் பிரிந்து விழுவதற்கு.

கோட்டின் மார்பு மடிப்பில் பொத்தானே இல்லாமல் ஒரு காஜா இருக்கிறதே, அது எதற்கு? பூச் செருக என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். மழைக்காற்றில் காலரைத் தூக்கி மார்பை மூடினால், எதிர்ப்பக்கக் காலருக்கு அடியில் ஒளிந்திருக்கும் பொத்தான் அதில் மாட்டிக்கொள்ளும். நல்ல ட்வீட் கோட்டில் இதற்கென்றே காலரின் அடியில் சிறு பட்டை ஒன்றும் இருக்கும். கழுத்து முழுக்க அடைபட்டுவிடும். முதல்முறை அதை மாட்டிப் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

துணியும் அப்படித்தான். ஹாரிஸ் ட்வீடை ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கைத்தறியில் நெய்ய வேண்டும். கம்பளிக்குச் சாயமேற்றுவதும் நூற்பதும் அந்தத் தீவுகளிலேயே நடக்க வேண்டும் என்று 1993இல் சட்டமே போட்டார்கள். அதன் பழைய செம்பழுப்பு நிறம் பாறையில் படரும் பாசியைச் சுரண்டி எடுத்து வேகவைத்ததில் வந்தது. நாம் பிரியாணியில் போடும் கல்பாசியின் குடும்பம்தான் அதுவும்! ஸ்காட்லாந்தின் வேட்டைப் பண்ணைகளில் அந்தந்த மலையின் நிறத்துக்கேற்பத் துணி நெய்து, எஜமானுக்கு மட்டுமல்ல, வேட்டைக் காவலருக்கும் அதே துணியில் உடை தைத்துக் கொடுத்தார்கள். நாளெல்லாம் மழையிலும் சேற்றிலும் நின்றவர் அந்தக் காவலர்தான். அவர் உடையை ஆடம்பரம் என்பது நியாயமா?

இன்றைய ஆயத்தக் கோட்டுகள் பலவற்றில் பாக்கெட்டுக்கு மூடி மட்டும் இருக்கிறது, உள்ளே பை இல்லை. காஜா இருக்கிறது, வெட்டித் திறக்கவில்லை. ஆடம்பரம் என்ற சொல் அவற்றுக்குப் பொருந்தும்.

அடுத்த முறை கோட் பற்றி எழுதும்போது அதன் முதுகுப்பக்கப் படத்தையும் வெளியிடுங்கள்.

அன்புடன்,
தையல்காரர் ஒருவர்,
கோயம்புத்தூர்