சாயத்தைக் குறை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

வருகிற திங்களோடு சிகரட்டை விடப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். முதல் தரம் விடுகிறவர்கள் எல்லாரும் திங்களை நினைத்துத்தான் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியது புதன்கிழமைக்கு. இரத்தத்தில் நிகொட்டின் ஏறக்குறைய 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு நாளில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. எரிச்சல், படபடப்பு, நித்திரையில்லாமை எல்லாம் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும்.

கடலில் உனக்குப் பெரிய கரைச்சல் இராது. கையில் வலை, பக்கத்தில் கடை கிடையாது. ஆபத்து திருக்கடலூர்க் கரையில் இருக்கிறது. வள்ளத்தை ஏற்றி, மீனைக் கூறிக் கொடுத்துவிட்டுப் பெட்டிக்கடைக்கு நடப்பாய். பிளேன்ரீ வரும். தூணில் நூல் கட்டித் தொங்கும் லைட்டர் காற்றுக்கு ஆடும். வாயில் இனிப்பும் சாயமும் பட்டவுடனே கை தானாக அங்கே போகும்.

அந்தத் தேத்தண்ணியில் இன்னொரு கள்ளமும் உண்டு. சிகரட் புகையிலுள்ள தார், தேயிலையிலுள்ள கஃபீனை ஈரல் வேகமாக உடைக்கும்படி செய்யும். புகையை நிறுத்திச் சில நாளில் அந்த வேகம் விழுந்துவிடும். நீ வழக்கமாகக் குடிக்கிற அதே ஆறு கோப்பையைக் குடித்தால் இரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நித்திரை வராது. சிகரட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துத் திரும்பவும் பற்றவைத்தவர்கள் நிறையப் பேர். முதல் நாளிலிருந்தே ஆறை மூன்றாக்கு. இழுப்புக்குத் தியோபிலின் என்ற மருந்து எடுக்கிறாயென்றால் டொக்டரிடம் சொல்லு. அதையும் அதே ஈரல்தான் உடைக்கிறது, அளவு மாற்ற வேண்டிவரலாம்.

பாமசியில் நிகொட்டின் சூயிங்கம் கிடைத்தால் வாங்கு. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட் பிடிக்கிற ஆளென்றால் 4 மில்லிகிராம், இல்லாவிட்டால் 2. சாதாரண சூயிங்கம் போல மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிவும்தான் மிச்சம். மெதுவாக மெல்லு; மிளகு கடித்தது போல் சுரீரென்றதும் கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கு. காரம் அடங்கியதும் திரும்ப மெல்லு. அரை மணித்தியாலம் இப்படி. அதற்கு 15 நிமிடம் முந்தியும், வாயில் இருக்கும்போதும் தேத்தண்ணி, தேசிக்காய்த் தண்ணி, சோடா எதுவும் வேண்டாம். வாய் புளித்தால் நிகொட்டின் உள்ளே ஏறாது. முதல் ஆறு கிழமைக்கு ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. ஒன்றிரண்டு போட்டுப் பார்த்து "சரிவரவில்லை" என்பதுதான் வழக்கமான பிழை.

ஆசை எழும்பினால் ஐந்து நிமிடம், கூடினால் பத்து. கராம்பொன்றைக் கடித்துக்கொண்டு அறுந்த வலைக்கண்ணைப் பொத்து, போய்விடும். வெற்றிலைக்கு மாறாதே. அதில் புகையிலை போட்டால் நீ ஒன்றையும் விடவில்லை. பாக்கு மட்டுமே வாய்ப்புற்றுக்குப் போதும்.

சில கிழமை இருமல் கூடலாம், மலம் இறுகலாம். தண்ணீரும் பப்பாசியும். சளியில் இரத்தம் கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போ. கதைக்க ஆள் வேண்டுமென்றால், சிகரட்டை விட உதவுகிற 1948 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடி.

தவறி ஒன்று பிடித்துவிட்டால் அதோடு நிறுத்து. அடுத்த திங்களுக்குத் தள்ளிப்போடாதே.

ஞாயிறே கடைக்காரரிடம் சொல்லிவை: நாளையிலிருந்து அரைக் கோப்பை, சாயம் குறைச்சு, லைட்டர் மற்றத் தூணில்.

அன்புடன்,
அண்ணன்