குமாரி ஜெயவர்த்தனவோடு ஓராண்டு: நமது வாசகியர் வட்டத்தின் ஆண்டறிக்கை (2024 ஏப்ரல் – 2025 மார்ச்)

தலைவி அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இந்த மழையிலும் லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன வருட அறிக்கையை ஐந்து நிமிடத்தில் வாசித்து முடித்தேன். இந்த முறை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு சிறுகதை என்று இருந்த நம் வழக்கத்தை மாற்றி, வருடம் முழுவதும் ஒரே ஆளுடைய எழுத்தைப் படிப்போம் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். அந்த ஒருவர், இலங்கையின் தொழிலாளர் வரலாற்றையும் பெண்களின் வரலாற்றையும் எழுதிய ஆய்வாளர் கலாநிதி குமாரி ஜெயவர்த்தன. யோசனை என்னுடையது என்பதால் ஏச்சும் எனக்குத்தான் விழுந்தது. “சிங்கள அம்மா, கொழும்புக்காரி, இங்கிலீஷில் எழுதியவர், நமக்கு எதற்கு?” என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வருடம் முழுக்க அதற்குப் பதில் தேடினோம் என்றே சொல்லலாம்.

உறுப்பினர் 31 பேர். நடந்த கூட்டங்கள் 10. ஜூலையில் மண்சரிவு எச்சரிக்கை என்பதால் கூடவில்லை. நவம்பரில் தேர்தல் வேலைக்குப் பாதிப்பேர் போய்விட்டதால் கூடவில்லை. சராசரியாக 14 பேர் வந்தார்கள், அதில் ஒன்பது பேர் மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பவர்கள். முன்பு ஆசிரியைகள்தான் பெரும்பான்மை. இந்த மாற்றம் எனக்கு மகிழ்ச்சி.

முதல் இரண்டு கூட்டங்களில் ஆளைப் பற்றித் தெரிந்துகொண்டோம். 1931இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை ஏ. பி. டி சொய்சா பௌத்த அறிஞர், அரசாங்க சபை என்ற அன்றைய சட்டசபையின் உறுப்பினர். தாய் எலினோர் ஹட்டன் ஆங்கிலேயர். பெயரை வாசித்ததும் “நம்ம ஊர்க்காரவங்களா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்து கூட்டமே சிரித்தது. இல்லை, அது அவருடைய குடும்பப் பெயர், நம் ஹட்டன் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்க வேண்டியதாயிற்று. குமாரி லண்டன் பொருளியல் கல்லூரியில் படித்தார், வழக்கறிஞராகவும் தகுதி பெற்றார், அப்புறம் இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தை ஆராய்ந்து 1964இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1969 முதல் 1985 வரை கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1977இல் சமூக விஞ்ஞானிகள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அடுத்த வருடம் தொடங்கிய பெண்ணின் குரல் அமைப்பிலும் அவர் இருந்தார். அந்த அமைப்பின் இதழ் மூன்று மொழியிலும் வந்தது. இவ்வளவு போதும் என்று அடுத்ததற்குப் போனோம்.

ஆய்வேடு 1972இல் நூலாக வந்தது. 1893இல் கொழும்பு அச்சகத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம், 1906இல் மாட்டுவண்டிக்காரர்கள் செய்தது, 1923இல் தொழிற்சங்கத் தலைவர் குணசிங்கவின் தலைமையில் நடந்த பொது வேலைநிறுத்தம் என்று வரிசையாக வருகிறது. உண்மையைச் சொன்னால், ஜூன் கூட்டத்தில் பாதிப்பேருக்குக் கொட்டாவி. நான் தயாரித்த விதமும் சரியில்லை, தேதிகளாக அடுக்கிவிட்டேன். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய நடேச ஐயர் வந்த இடத்தில்தான் எல்லோரும் நிமிர்ந்தார்கள். துணி வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் நுழைந்த கதை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டதுதானே. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடுவார். அவர் எழுதிய பாட்டுகள் 1940இல் சிறு நூலாகவும் வந்தன. தோட்டப் போராட்ட வரலாற்றில் குமாரி அவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். தலைவர்களின் வரலாற்றை மட்டும் எழுதுகிறவர்கள் அந்த அம்மாளைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

ஆகஸ்ட் கூட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பொருள், பெண்களின் வாக்குரிமை. 1927இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. நடத்தியவர்கள் பெரிய இடத்துப் பெண்கள். டொக்டர் மேரி ரட்ணமும் அவர்களோடு இருந்தார். கனடாவில் பிறந்து, 1896இல் இங்கு வந்து, யாழ்ப்பாணத் தமிழரைக் கல்யாணம் செய்தவர். இவரைப் பற்றி குமாரி தனியாக ஒரு சிறு நூலே எழுதியிருக்கிறார். இந்தப் பெண்கள், இலங்கையின் அரசியலமைப்பை மாற்ற பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு முன் சாட்சியம் சொல்லப் போனார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டார். அதற்குச் சங்கத்தைச் சேர்ந்த ஆக்னஸ் டி சில்வா, நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்றுதான் கேட்கிறோம் என்று பதில் சொன்னார். 

இதை வாசித்தபோது கூட்டத்தில் சத்தமே இல்லை. அப்புறம் மேல் டிவிஷன் அக்கா ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “அந்தம்மா அப்படிச் சொல்லியும் ஏன் எங்க அம்மாவுக்கு வோட்டு இல்லாம இருந்துச்சு?”

அதற்குப் பதில் சொல்ல ஒரு கூட்டம் போதவில்லை. 1931இல் நாட்டில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோதே நம்மவர்களுக்கு, அதாவது இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தமிழர்களுக்கு, மட்டும் நிரந்தரமாகக் குடியிருப்பதாக நிரூபிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை போனது, அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று மூட்டை பிரிப்பதுபோல் பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களின் பிரச்சினை 2003 குடியுரிமைச் சட்டம் வரை இழுபட்டது. ஆசிரியை ஒருவர் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அக்கா கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு, தன் தாயார் எந்த வருடம் முதலில் வோட்டுப் போட்டார் என்று வீட்டில் கேட்டு வருவதாகச் சொன்னார். அடுத்த மாதம் பதிலோடு வந்தார். தாயாருக்கு வருடம் நினைவில்லையாம், அன்று உடுத்தியிருந்த சேலைதான் நினைவிருந்ததாம். அந்தச் சேலையைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். வரலாறு பேசவில்லை என்று யாராவது குறை சொன்னால் எனக்குக் கவலையில்லை.

நவம்பர் தேர்தலில் மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் பாராளுமன்றம் போனார்கள். எந்தக் கட்சி என்பது நம் வட்டத்துக்கு வேண்டாம். டிசம்பரில் கூடியபோது ஆக்னஸ் டி சில்வா சொன்னதை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள், வாசித்தேன்.

செப்டம்பரிலும் ஒக்டோபரிலும் சம்பளம். இதற்கு எடுத்துக்கொண்டது, பெருந்தோட்டங்களில் வர்க்கம், ஆணாதிக்கம், இனத்துவம் பற்றி ரேச்சல் குரியனோடு சேர்ந்து குமாரி எழுதி 2015இல் வந்த நூல். ஒரே பிரதிதான் நம்மிடம். ஆங்கிலம். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். நான் இரவில் வாசித்துத் தமிழில் குறிப்பெழுதிக்கொண்டு வந்து சொன்னேன். வகுப்பு எடுப்பதுபோல் இருக்கிறது என்று ஒரு முறைப்பாடு, ஒத்துக்கொள்கிறேன்.

நூலின் வாதத்தை நம் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான். தோட்டத்தில் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று ஒரு ஏணி. அந்த ஏணியின் கடைசிப் படிக்கும் கீழே பெண். மலையில் அவளை அதட்டுவதும் ஆண், லயத்தில் அதட்டுவதும் ஆண், அவளுக்காகப் பேசப் போகும் சங்கத்திலும் தலைவர் ஆண். இந்த மூன்றும் தனித்தனி அல்ல, ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டுதான் இருநூறு வருடமாக நிற்கின்றன என்கிறார்கள். முதலாளித்துவம் ஒழிந்தால் பெண்ணின் துயரம் தானாக ஒழியும் என்று சொல்லிக்கொண்டிருந்த இடதுசாரித் தோழர்களுக்கும், வர்க்கத்தைப் பேசாமல் பெண்ணை மட்டும் பேசியவர்களுக்கும் குமாரி ஒரே நேரத்தில் பதில் சொல்கிறார் என்பது என் வாசிப்பு.

1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டில் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. சட்டமே போட்டு ஏற்றத்தாழ்வை எழுதிவைத்தார்கள். தொழிற்சங்கங்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்த பிறகு, 1984இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. கொழுந்து பறித்துத் தோட்டத்தைத் தாங்குவது பெண்கள், ஆனால் சமமாக எண்ணப்பட அரை நூற்றாண்டுக்கு மேல்.

இங்கே சொந்த விஷயம் ஒன்று. எங்கள் அம்மா மலைக்குப் போனார். சம்பள நாளில் அவருடைய சம்பளத்தையும் அப்பாதான் கைநீட்டி வாங்குவார். அது ஒரு முறைபோலவே இருந்தது, யாரும் எங்களை வஞ்சித்ததாக நாங்கள் நினைக்கவில்லை. கணவன் கையிலோ தகப்பன் கையிலோ பெண்ணின் சம்பளத்தைக் கொடுக்கும் இந்த வழக்கத்தை ஒரு ஆய்வு நூலில் அச்சில் பார்த்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது. இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். ஒருவர் வீட்டில், மேலதிகமாகக் கொழுந்து எடுத்துக் கிடைக்கும் கைக்காசு மட்டும் அம்மாவின் முந்தானையில் முடிந்திருக்குமாம். இன்னொருவர் வீட்டில் அதுவும் இல்லை. அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட நாளில் வீட்டில் விழுந்த அடியைப் பற்றி ஒருவர் சொன்னார். அதை இந்த அறிக்கையில் எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை.

செப்டம்பரில்தான் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அன்றைய கூட்டத்தில் அதைப் பற்றியும் சண்டை. கிலோ கணக்குப் பார்த்தால் கையில் என்ன மிஞ்சும் என்று இளையவர்கள் கேட்க, மூத்தவர்கள் 43 சதத்தைச் சொல்லி அடக்கப் பார்த்தார்கள். நான் இளையவர்கள் பக்கம்.

ஜனவரியில், 1986இல் வெளியாகி உலகம் முழுக்க அவருக்குப் பெயர் வாங்கித் தந்த, மூன்றாம் உலக நாடுகளில் பெண்ணியமும் தேசியவாதமும் பற்றிய நூல். அவர் நெதர்லாந்தின் ஹேக் நகரில் கற்பித்த காலத்து வேலையிலிருந்து வளர்ந்தது. பெண்ணியம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்ற பேச்சை உடைக்கும் நூல். எகிப்தில் ஹுதா ஷராவி 1923இல் கெய்ரோ ரயில் நிலையத்தில் முகத்திரையை எடுத்தது, சீனாவில் சியு ஜின் 1907இல் மரண தண்டனை பெற்றது, இந்தோனேசியாவின் கார்த்தினி, இந்தியாவின் பண்டித ரமாபாய் என்று ஒவ்வொரு நாடாகப் போகிறது. அந்தந்த நாட்டு விடுதலைப் போராட்டத்தின் உள்ளேயே பெண்கள் எழுந்தார்கள் என்று காட்டுகிறார். அதோடு நிற்கவில்லை. நாட்டுக்கு விடுதலை கேட்ட ஆண்கள், படித்த “புதிய பெண்” வேண்டும் என்றார்கள், ஆனால் அவள் வீட்டு வாசலைத் தாண்டும் தூரத்தையும் அவர்களே அளந்தார்கள் என்பதையும் எழுதுகிறார். எனக்குப் பிடித்த பகுதி இந்த இரண்டாவதுதான். முதல் கூட்டத்தில் எழுந்த “கொழும்புக்காரி” கேள்வி இந்த மாதத்தோடு நின்றுபோனது. கேட்டவரே பெப்ரவரியில் சியு ஜின் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்.

பெப்ரவரியில் இனப்பிரச்சினை. 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பிறகு குமாரி எழுதிய கட்டுரைகள், இன வன்மத்துக்குப் பின்னால் இருக்கும் வர்க்கக் காரணங்களைத் தேடுகின்றன. 1915இல் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த கலவரத்தின் பின்னால் வியாபாரப் போட்டி. 1930களில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது, ஒரு காலத்தில் எல்லாத் தொழிலாளரையும் சேர்த்து நடத்திய அதே குணசிங்க மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். சிங்களக் குடும்பத்தில் பிறந்தவர் சிங்களப் பேரினவாதத்தை இப்படித் துணிந்து எழுதியதற்கு மரியாதை செய்தோம். ஆனாலும் எல்லாவற்றையும் வர்க்கத்தால் விளக்கிவிட முடியுமா என்று ஆசிரியை ஒருவர் கேட்டார். எண்பத்து மூன்றில் தங்கள் லயத்துக்கு நெருப்பு வைத்தவர்களில் தங்களைப்போலவே ஏழைகளும் இருந்தார்கள் என்றார். அதற்கு எவரிடமும் பதில் இல்லை, குறிப்பேட்டில் கேள்வியாகவே எழுதி வைத்திருக்கிறேன். 

மார்ச் கூட்டத்தை மகளிர் தினத்தோடு வைத்தோம். மீனாட்சி அம்மாளை நினைத்து நம் பிள்ளைகள் பாடினார்கள். மைக் பாதியில் நின்றது, பாட்டு நிற்கவில்லை.

இனி நடக்காதவை. குமாரியின் தமிழாக்கங்களைத் தேடி வாங்குவதாக ஒப்புக்கொண்டேன், இரண்டு தடவை கொழும்பு போயும் நேரம் கிடைக்கவில்லை. அது என் தவறு. கையெழுத்துச் சஞ்சிகை வெளிவரவில்லை. கூடும் மண்டபத்தின் சாவி மூன்று முறை கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து கூட்டம் நடத்தினோம். முன்கூட்டியே எழுத்தில் கேட்டிருந்தும் இந்த நிலை. அந்த ஒற்றைப் பிரதி இப்போது தேயிலைச் சாயத்தோடு திரும்பி வந்திருக்கிறது. யார் என்று கேட்கப் போவதில்லை. யாரோ குடித்துக்கொண்டே வாசித்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கணக்கு: சந்தாவும் நன்கொடையுமாக வரவு 27,400 ரூபா. போட்டோப் பிரதி, தேநீர், மகளிர் தின ஒலிபெருக்கி வாடகை எல்லாம் சேர்த்துச் செலவு 24,150. கையிருப்பு 3,250. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

அடுத்த ஆண்டுக்கு நிர்வாகக் குழுவின் யோசனை: நம் அம்மாமார், பாட்டிமார் முதல் சம்பளம் வாங்கிய கதையையும் முதல் வோட்டுப் போட்ட கதையையும் மாதம் இருவரிடம் கேட்டுப் பதிவு செய்வது. கைபேசியில் பதிந்தால் போதும். எழுதிக் கொடுக்க ஆசிரியைகள் மூவர் முன்வந்திருக்கிறார்கள். முதலாவதாக, அந்தச் சேலைக்காரப் பாட்டி சம்மதித்துவிட்டார். ஏப்ரல் கடைசி ஞாயிறு, பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டிப் பெயர் பதிவது) இல்லாத நாள், அவர் வீட்டிலேயே கூடலாம். சாவிப் பிரச்சினையும் இல்லை.

அறிக்கையைச் சபையின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்