சமாதானம் சொல்லப்போய் சண்டை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போகும் பிள்ளைகள், வேலையிடத் தகராறுக்கான ஆங்கிலத் தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். பட்டியலில் இல்லாத ஒன்றுதான் காலை வாருகிறது: 'அது' எனப் பொருள்படும் 'இட்' எங்கே உட்கார வேண்டும் என்பது.

'தே மேட் அப்' என்றால் இருவரும் ராசியாகிவிட்டார்கள். அதையே 'தே மேட் இட் அப்' என்றால் இட்டுக்கட்டினார்கள் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். நல்ல செய்தி சொல்லப்போனவர் புகார் கொடுத்தவராகிவிடக்கூடும்.

பேச்சை எடுப்பதற்கு 'பிரிங் அப்'. 'பிரிங் அப் தி ஓவர்டைம் இஷ்யூ' எனலாம். 'இட்' வந்தால் 'பிரிங் இட் அப்' மட்டுமே. விசாரிப்பதற்கான 'லுக் இன்டு' பிரியவே பிரியாது: 'லுக் இன்டு இட்'. பொறுத்துப்போவதற்கான 'புட் அப் வித்' தொடரும் அப்படித்தான். காதால் பிடிக்க ஒரு வழி உண்டு. 'பிரிங் இட் அப்' என்பதில் குரல் 'அப்' மேல் அழுந்தும், 'லுக் இன்டு இட்' என்பதில் 'லுக்' மேல். எழுதிப் படிப்பதைவிட வாய்விட்டுச் சொல்வது இதனால்தான் பலன் தருகிறது.

சொற்கள் சேர்ந்து ஒரே பொருள் தரும் இந்த அமைப்பு நமக்குப் புதிதும் அல்ல. 'விட்டுக்கொடு' என்பதில் விடுவதும் கொடுப்பதும் தனித்தனியே நிற்கின்றனவா என்ன? ஆனால் அதற்கு நேராக 'கிவ் இன்' என்று எழுதி வைப்பது பிசகு. நம் சொல்லில் பெருந்தன்மை இருக்கிறது. அவர்கள் சொல்லில் நெருக்குதலுக்குப் பணிந்த தோல்வி.

நம் ஊரில் எதற்கும் 'செட்டல்' என்றுவிடுகிறோம். அது முடிந்த கதை. மேலாளர் 'ஐ வில் லுக் இன்டு இட்' என்றால் விசாரிக்கிறேன் என்பதோடு சரி, தீர்த்துவைக்கிறேன் என்ற வாக்குறுதி அல்ல. தீர்ப்பதற்குச் சொல் 'சார்ட் அவுட்'. கொதித்து நிற்பவரிடம் 'காம் டவுன்' என்பது எரியும் அடுப்பில் எண்ணெய். 'லெட்ஸ் டாக் இட் ஓவர்' என்றால் பேசிப் பார்ப்போம் என்று நம்மையும் சேர்த்துக்கொள்கிறோம்.

நிர்வாகம் விளக்கம் கேட்டு அனுப்பும் ஷோ காஸ் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 'ஓன் அப்' என்று எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே படிப்பார்கள். எழுத்தில் 'ரைஸ்' (எழுப்பு), 'ரிசால்வ்' (தீர்) போன்ற ஒற்றைச் சொற்களே பாந்தம்.

தங்கள் இளையோர் பக்கத்தில் ஆங்கிலத் தொடர்களை வெளியிடும்போது, ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சொல்லோடு ஒரு வாக்கியமும் 'இட்' சேர்த்து ஒரு வாக்கியமும் அச்சிட வேண்டுகிறோம்.

மாலை நேர ஆங்கில வகுப்பு ஆசிரியர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்