வெள்ளை அட்டை பறிபோன அன்று

ஐயா,

மியான்மரின் (பழைய பர்மா) சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்யா அகதிகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் 2017 ஆகஸ்டில் இருந்தே கதையைத் தொடங்குகிறோம். ராணுவம் ஊர்களைக் கொளுத்தியது, 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள் என்று. ஆனால் அந்தத் தீயை மூட்டியது காகிதம். 1982 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பக்கத்து ஊருக்குப் போகவும், கல்யாணம் செய்துகொள்ளவும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘ரோஹிங்யா’ என்று பதியவே விடவில்லை. 2015இல் கையிலிருந்த தற்காலிக அடையாள அட்டையான வெள்ளை அட்டையும் செல்லாமல் போனது, அதோடு ஓட்டும் போனது. எல்லாமே பட்டப்பகலில், அரசாங்க முத்திரையோடு நடந்தவை. உலகம் அப்போதே அழுத்தமாகத் தட்டிக்கேட்டிருக்க வேண்டும்.

என் பாட்டி 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். காதுத் தோட்டைக்கூடத் துறைமுகத்தில் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். சாகும்வரை வெறும் காதைத் தடவியபடிதான் அதைச் சொல்வார். அவருக்காவது வந்து இறங்க ஓர் ஊர் இருந்தது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாமில் மூங்கிலும் தார்ப்பாயுமான குடிசையில் பிறக்கும் குழந்தைக்கு அதுவும் இல்லை.

ஒரு சிறுபான்மையின் ஓட்டையோ மொழியையோ அடையாள அட்டையையோ எந்த நாடு பறித்தாலும், அந்தச் செய்தியை உள்பக்கத்தில் ஒரு பத்தியாகச் சுருக்காமல் முதல் பக்கத்தில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

— ஒரு வாசகர், வியாசர்பாடி, சென்னை